கன்னி மூலையில் அடைத்த கண்

எங்கள் தென்காசிக் கடைத்தெருவில் ஏசுவடியான் கொத்தனாரைப் பற்றி ஒரு கேலி உண்டு. யாராவது ஒரு வேலையில் முக்கியமானதை விட்டுவிட்டால், 'ஓட்டைக் கொத்தன் ஓட்டை போட மறந்த கதைதான்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். பதினாலு வருஷமாகச் சிரிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் சொல்கிறவன் வாயில் ஒன்று போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும். உண்மையில் அடி வாங்கவேண்டிய வாய் என்னுடையது என்பதால் பேசாமல் உள்ளே போய்விடுவேன்.

ஏசுவடியான் எதையும் மறக்கிற மனிதர் இல்லை. அதைச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான், சங்கரம்மாள், அரிசிக் கடை நல்லகண்ணுவின் மனைவி. என் எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

ஏசுவடியான் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சொந்த ஊர் வீரகேரளம்புதூர்ப் பக்கம். மீசை முளைக்கும் முன்பே கொத்துக்கரண்டி பிடித்தவர். மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூர்ச் சீமையில் கூலி அதிகம் என்று போய், புனலூர்ப் பக்கம் பத்து வருஷம் வேலை பார்த்தார். அங்கே இருக்கும்போதுதான், 1924-இல், கொல்லம் ஆண்டுக் கணக்கை வைத்துத் 'தொண்ணூத்தொன்பது வெள்ளம்' என்று மலையாளத்தார் இன்றும் சொல்கிற அந்தப் பெருவெள்ளம் வந்தது. அவர் கட்டிய வீடுகள் பல போயின. தண்ணீர் வடிந்த பிறகு நடந்து பார்த்திருக்கிறார். ஒரே வரிசையில் ஒரே மண்ணால் எழுப்பிய வீடுகள் எல்லாம் படுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் நின்றதாம்.

"அது ஒரு சோம்பேறி வீடு தாயி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "சுத்துச்சொவருல மாடு முட்டி ரெண்டு பக்கமும் ஓட்டை. அந்த மனுசன் வருசக்கணக்கா அடைக்கவே இல்ல. தண்ணி ஒரு ஓட்டை வழியா வந்திருக்கு, இன்னொண்ணு வழியாப் போயிருக்கு. அடைச்சு வச்சவன் வீடெல்லாம் போச்சு, அடைக்காதவன் வீடு நிக்கி. நான் படிச்ச பாடம் அம்புட்டுதான்."

அந்தப் பாடத்தோடு மனைவி தங்கபுஷ்பத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அவர் வேலை மற்றக் கொத்தனார்கள் வேலை மாதிரி இல்லை. யாராவது சிற்றாற்றுப் பக்கம் வீடு கட்டக் கூப்பிட்டால் முதல் மூன்று நாள் கரண்டியைத் தொடமாட்டார். ஆற்றங்கரையில் அலைவார். முள்மரக் கவட்டையில் பழைய வைக்கோல் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது, கல்மண்டபத் தூணில் சேற்றுக்கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஆற்றில் துணி வெளுக்கிறவர்களிடம் உட்கார்ந்து விசாரிப்பார். பிறகு வந்து ஒரு முளைக்குச்சியை அடித்து, "தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு. தளம் இதுக்கு மேல ஒரு மொழம்" என்பார். அந்த ஒரு முழத்தைக் குறைக்கச் சொன்னால் கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தளம் வரைக்கும் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். மண்சாந்து கூடாது. முன்வாசலுக்கு நேரே பின்வாசல் வேண்டும். சுற்றுச்சுவரில் கண் வைக்கவேண்டும். கண் என்று அவர் சொன்னது தரையோடு தரையாக, ஒரு முழ உயரமும் இரண்டு முழ அகலமுமாக விடுகிற திறப்பு. பன்றியும் திருடனும் நுழையாமல் இருக்கக் குறுக்கே கல் நிறுத்துவார். ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஏசுவடியான் கட்டினால் திருடனுக்குத் தனி வாசல் என்றார்கள். ஓட்டைக் கொத்தன் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் கட்டிய வீடுகள் நின்றன. நிற்க நிற்க, கேலி செய்தவர்களே தேடிவந்து கூப்பிட்டார்கள்.

நாங்கள் அவரைக் கூப்பிட்டது 1932-இல். எங்கள் பழைய வீடு பள்ளத்தில் இருந்தது. வருஷா வருஷம் தண்ணீர் உள்ளே வந்து அரிசி மூட்டைகளை நனைத்துவிடும். ஆற்றை ஒட்டி என் வீட்டுக்காரருக்குப் பாட்டன் வழியில் ஒரு நிலம் இருந்தது. அங்கே கட்டினால் இதைவிட மோசம் என்று எல்லாரும் சொல்ல, ஏசுவடியான் மட்டும், "கட்டலாம் மொதலாளி. நான் சொல்லுதபடி கட்டணும்" என்றார். அப்படியே கட்டினார். தெருவில் எந்த வீட்டுக்கும் இல்லாதபடி ஆறு படி வைத்து ஏறுகிற வீடு. என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரே பெருமை. வருகிறவர்களையெல்லாம் கிழக்குச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய் அங்கே இருந்த கண்ணைக் காட்டுவார். மொத்தம் மூன்று கண்: மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று. குற்றாலத்து மலையில் பெய்கிற மழைத்தண்ணீர் தென்மேற்கிலிருந்துதான் எங்களை நோக்கி வரும். அதனால் மேற்குச் சுவரின் தெற்கு ஓரத்தில் இருந்த கண்தான் தண்ணீர் உள்ளே வருவதற்கு. மற்ற இரண்டும் வெளியே போவதற்கு.

வினை அங்கேதான் இருந்தது. தென்மேற்கு மூலைதான் கன்னி மூலை.

அதற்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. ஒன்று பிறந்து பதினோராம் நாள் பால் குடிக்காமல் போனது. மறுவருஷம் புது வீட்டுக்குக் குடிவந்தபோது மூன்றாவது வயிற்றில் ஐந்து மாதம். அந்தச் சித்திரையில் பக்கத்து வீட்டுக்கு வந்த சோசியர் ஒருவர் எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு, கன்னி மூலை கனமாக, அடைப்பாக இருக்கவேண்டும், அங்கே ஓட்டை இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயிறு தங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் சொன்ன வார்த்தை. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லமுடியாது. சோசியம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். "ஏட்டி, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். அதனால் அவர் வீரகேரளம்புதூருக்கு நெல் பிடிக்கப் போயிருந்த ஒரு பகலில், கிணற்றுச் சுவர் பூசிக்கொண்டிருந்த ஏசுவடியானை நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

"கொத்தனாரே, அந்த மேக்குக் கண்ணை அடைச்சிருங்க."

அவர் சிரித்தார். "பாம்பு வருதா தாயி?"

காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"தாயி, எங்க சாமிக்கு மூலை எல்லாம் கெடையாது. உங்க சாமியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தண்ணி அந்த மூலையிலதான் வரும். கெழக்க அடைங்க, வடக்க அடைங்க. அதை மட்டும் கேக்காதீய."

நான் அழுதேன். அழுகைக்கு அவர் அசையவில்லை. அப்போது என் நாக்கில் ஒரு சொல் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கை இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"உங்க வீட்டுல அஞ்சு பிள்ளை ஓடித் திரியுது. உங்களுக்கு என்ன தெரியும்? இதுவும் போச்சுன்னா அது உங்க கையாலதான்."

அவர் கையில் இருந்த சாந்தைச் சட்டியில் உதறினார். செங்கல்லை எடுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனார். ஒரு மணி நேர வேலை. குறுக்கே நிறுத்தியிருந்த கல்லை உள்ளேயே விட்டு, இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் பூசி, இருந்த இடம் தெரியாமல் ஆக்கினார். அந்த மூலையில் தொழுவமும் வைக்கோல் படப்பும் இருந்ததால் என் வீட்டுக்காரர் கண்ணில் படாது. மாட்டுக்காரன் சுடலைமாடன் மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிப் போயிருந்தான். நான் செம்பு நிறைய மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை பொறந்ததும் நானே வந்து தொறந்துருவேன் தாயி. ஐப்பசிக்கு முன்ன தொறந்துரணும். அதுக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லிராதீய."

சரி என்றேன்.

ஆவணியில் பிறந்தாள் ஆவுடைத்தாய். பதினோராம் நாள் தாண்டியது. முப்பது தாண்டியது. சொன்னபடி புரட்டாசியில் ஏசுவடியான் கடப்பாரையோடு வந்து நின்றார். என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். "நாப்பது கழியட்டும் கொத்தனாரே" என்று அனுப்பிவிட்டேன். நாற்பது கழிந்து மறுபடி வந்தார். "பிள்ளைக்குச் சளி. இந்த நேரத்துல கையை வைக்கவேண்டாம்" என்றேன். ஐப்பசி முதல் வாரம் மூன்றாம் முறை வந்தார். மேற்கே மலை கறுத்திருந்தது.

"தாயி, மலையைப் பாருங்க."

"மொதல் முடி எறக்குதது வரைக்கும் பொறுங்களேன்" என்றேன்.

அவர் மலையைப் பார்த்தார், என் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே திறக்கச் செய்திருப்பார். எனக்காக அதைக்கூட அவர் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய வெள்ளம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் மலையில் பெய்தது, நாலாம் நாள் மத்தியானம் ஆறு கரையேறியது. அவ்வளவுதான். எங்கள் ஆறு படியில் இரண்டு படிகூட நனையவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் மழைத்தண்ணீர் மட்டும் கணுக்கால் அளவு கிடந்து, கிழக்குக் கண் வழியாகச் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மேற்குச் சுவருக்கு வெளியே எவ்வளவு நிற்கிறது என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியவில்லை. சுடலைமாடன் மாடுகளை அவிழ்த்துவிடத் தொழுவத்துக்குள் போனான்.

சுவர் ஒரே சாய்ப்பாக உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. ஒரு பசு செத்தது. சுடலைமாடனை வெளியே எடுத்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. உயிர் தப்பினான், ஆனால் அந்தக் கால் பிறகு விளங்கவே இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. ஏசுவடியானும் வந்தார், யாரும் கூப்பிடாமலே. என் வீட்டுக்காரர் விழுந்து கிடந்த செங்கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கண்ணு எங்கவே?" என்றார். "இந்த மூலையில வச்ச கண்ணு எங்க?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளை மார்பில் இருந்தாள். 'நான்தான் அடைக்கச் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். 'ஒரு பிள்ளைக்காக ஒருத்தன் காலை எடுத்துட்டாளே' என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன். இவர் என்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றும் பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஏசுவடியான் கதவுப்பக்கம் திரும்பவே இல்லை. "பூச்சு வேலைக்காக அடைச்ச கண்ணைத் திரும்பத் தொறக்கல மொதலாளி" என்றார். "மறந்துபோச்சு. தப்பு என்மேலதான்."

கூட்டத்தில் யாரோ, "ஓட்டைக் கொத்தன் ஓட்டை போட மறந்துட்டானாம்லே!" என்றான். சுடலைமாடன் உள்ளே வலியில் கத்திக்கொண்டிருக்க, வெளியே சிரித்தார்கள். அன்று பிறந்த கேலிதான் அது.

அந்த மாதம் குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்க ஆற்றோரம் ஒரு விடுதி கட்டும் வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. முப்பது அறை. தன் கணக்குப்படி முழுசாக ஒரு கட்டடம் எழுப்பிக் காட்டவேண்டும் என்று அந்த வேலையைப் பற்றித்தான் அவர் கிணற்றுச் சுவர் பூசும்போதெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். விடுதிக்காரர் ஆள் விட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறொருவர் கட்டினார், கண்ணும் இல்லாமல், ஒரு முழ உயரமும் இல்லாமல். மூன்றாம் வருஷம் அதன் பின்சுவர் ஆற்றில் கிடந்தது. அதைப் பார்த்தும்கூட ஊரில் ஒருத்தருக்கும் ஏசுவடியான் சொன்னது ஞாபகம் வரவில்லை. கால் போன சுடலைமாடன்தான் ஞாபகத்துக்கு வந்தான். தென்காசியில் அவருக்கு ஒரு கோழிக்கூடு கட்டுகிற வேலைகூடக் கிடைக்காமல் போயிற்று. தங்கபுஷ்பத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புளியறைக்குப் போய், ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற வேலையில் சேர்ந்தார்.

எங்கள் மேற்குச் சுவரை வேறு கொத்தனாரை வைத்து மறுபடி கட்டினோம். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே கன்னி மூலையில் அதே அளவு கண்ணை வைக்கச் செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கண் இன்றுவரை திறந்தே கிடக்கிறது. அதன்பிறகு எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் தங்கின. அந்தச் சோசியர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நடந்தே போய்ச் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட அவரைத் தேடுகிறேனே தவிர, மன்னிப்புக் கேட்கப் புளியறைக்கு நான் ஒருநாளும் போகவில்லை.

ஒரே ஒரு தடவை பார்த்தேன். 1940 என்று ஞாபகம். ஆரியங்காவு கோயிலுக்கு வாடகைக் காரில் குடும்பத்தோடு போனோம். புளியறை தாண்டி ஏற்றத்தில் கார் முக்கி முக்கிப் போகிறது. ரோட்டோரம் ஓலைத் தடுக்கு நிழலில் ஒருவர் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். கரண்டி பிடித்த கையில் சுத்தியல். தலை நிமிர்ந்து காரைப் பார்த்தார், என் மடியில் சாய்ந்து தூங்கிய ஆவுடையைப் பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளை. அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லேசாகத் தலையை ஆட்டினார், பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்கிற மாதிரி. காரை நிறுத்தச் சொல்ல ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. கார் மேலே போய்விட்டது.

சுடலைமாடன் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டான். பிறகு எங்கே போவான்? இரண்டு வேளையும் கோலை ஊன்றிக்கொண்டு பின்வாசல் படியேறி வந்து, மேல்படியில் உட்கார்ந்து என் கையால் சாப்பிடுவான். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்திருப்பான்.

"அந்த வேதக்காரக் கொத்தன் வெளங்குவானா? அவன் கை அழுகிப் போவ. அவன் கட்டுன சொவரெல்லாம் அவன் தலையில விழ."

பதினாலு வருஷம், நாள் தவறாமல், இரண்டு வேளை. நான் அடுப்படியில் நின்று கேட்பேன். கேட்டுக்கொண்டே சோற்றை அள்ளிவைப்பேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட ஒரு கரண்டி குழம்பு அவனுக்குக் கூட ஊற்றுவேன். அதுதான் நான் செய்த பரிகாரம். வெட்கமாக இருக்கிறது.

போன மாசியில் ஒரு மத்தியானம் கோல் சத்தம் கேட்டது. வசவு கேட்கவில்லை. ஆறு படியும் பேசாமல் ஏறினான். எட்டிப் பார்த்தேன்.

"என்ன சொடலை, மேலுக்குச் சரியில்லையா?"

"ஏசுவடியான் செத்துப்போனான் தாயி" என்றான். "பத்து நாளாச்சாம். கடைத்தெருவுக்குத் தங்கபுஷ்பம் வந்திருந்தா. கல்லு ஒடைக்கிற எடத்துலயே சாஞ்சுட்டானாம்."

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பதினாலு வருஷம் வராத வார்த்தை, கேட்கவேண்டியவர் காதுக்கு இனி எட்டாது என்று ஆன பிறகு வந்தது.

"சொடலை, அவர் மறக்கல. அந்தக் கண்ணை அடைக்கச் சொன்னது நான்தான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முறிந்த காலைக் கையால் தூக்கிப் படியில் ஒழுங்காக வைத்துக்கொண்டான்.

"தெரியும் தாயி."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலம் மாட்டைக் கட்ட வந்தேம்லா. காயாத சுண்ணாம்பு எனக்குத் தெரியாதா? படப்புக்குப் பக்கத்துல உங்க மோர்ச் செம்பு கெடந்துச்சு. நான்தான் எடுத்துட்டு வந்து கழுவி வச்சேன்."

"தெரிஞ்சுமா அவரை இத்தனை வருசம் ஏசினே?"

"காலு போன மனுசன் யாரையாவது ஏசணும்லா" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. "உங்களை எப்படி ஏச? உங்க கையாலல்லா திங்கேன்."

இலையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டான். தண்ணீர் தெளித்துத் துடைத்தான். துடைத்த இலையைப் பார்த்தபடியே கேட்டான்:

"இனிமே யாரை ஏச தாயி?"

என்னை ஏசு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன்.